ஆணிவாயரின் வலது கன்னம்

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அந்தப் பெயரைச் சொல்லித் தெருவில் விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. சோபா தைக்கிற ஆணிவாயர் எங்கே என்று கேளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு கடையைக் காட்டுவார்கள். பழைய சோபா, சலூன் நாற்காலி, பஸ் சீட்டு, எதுவானாலும் சரி, கிழிந்ததை உரித்துப் போட்டுவிட்டுப் புது ரெக்சின் போர்த்தித் தருவது அவர் வேலை. ரெக்சினைப் பலகையோடு சேர்த்து அடிக்கிற பொடி ஆணிகளை டப்பாவிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்கமாட்டார். ஒரு கை அள்ளி வாயில் போட்டு இடது கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வார். நாக்கு ஒன்றை மட்டும் தள்ளிக்கொண்டு வந்து உதட்டில் நிறுத்தும். காந்தச் சுத்தியல் அதை உதட்டிலிருந்தே கவ்விக்கொண்டு போய்ப் பலகையில் வைக்கும், அப்புறம் ஒரே போடு. பார்க்கிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், அவருக்கோ அது மூச்சு விடுகிற மாதிரி.

வாயில் ஆணி இருக்கிற மனிதர் என்ன பேசுவார்? "ம்" என்பார். அந்த "ம்"மில் பல ரகம். இழுத்துச் சொன்னால் யோசிக்கிறார், வெட்டிச் சொன்னால் கத்தரிக்கோலைக் கொடு, மூக்கு வழியாக வந்தால் வந்திருக்கிற வாடிக்கையாளர் சரியான கிறுக்கு. இதற்கெல்லாம் அர்த்தம் தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவி. ரெக்சின் கடையில் விற்பனைக்கு நின்றிருந்த பெண் அவள். வாய் நிறைய ஆணியோடு வந்து விரலால் நிறத்தைக் காட்டிக்கொண்டிருந்த இந்தக் கல்லுளிமங்கனுக்கு என்ன வேண்டும் என்று முதல் நாளே கண்டுபிடித்தவள். அப்படிப்பட்டவளை விடுவாரா? இப்போது துணி வெட்டுவதும், மிஷினில் உறை தைப்பதும், வருகிறவர்களிடம் பேசிச் சமாளிப்பதும் அவள் பாடு. கூட அவளுடைய தம்பியும் வேலை செய்கிறான். வேலையைவிட அவனிடம் யோசனைகள் அதிகம்.

சுத்தியல் விரலில் விழுந்து நகம் கறுத்தாலும் "ஸ்" என்றுகூடச் சொல்லாத மனிதர் ஆணிவாயர். ஆனால் பல் டாக்டர் என்ற பேச்சை எடுத்தால் போதும், வெலவெலத்துப் போவார். சின்ன வயதில் யாரோ ஒரு புண்ணியவான், மரத்துப்போக ஊசிகூடப் போடாமல், குறடால் ஒரு பல்லைப் பிடுங்கியிருக்கிறார். இரண்டு பேர் காலைப் பிடித்துக்கொண்டார்களாம். அந்தப் பயத்தைத்தான் மனிதர் இத்தனை வருஷமாகப் பத்திரமாக வைத்திருந்தார். அந்தப் பயத்தால்தான் செத்துப்போகவும் இருந்தார். சிரிக்காதீர்கள். பல்வலிதானே என்று எல்லோரும் சிரிக்கிறோம், அதனால்தான் சொல்கிறேன். கடைசியில் ஆள் பிழைத்தார், அதனால் நிம்மதியாகக் கேளுங்கள்.

வலது பக்கம் கீழே, கடைவாய்ப் பல்லில் ஒரு குழி ரொம்ப நாளாகவே இருந்தது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுருக்கென்று ஏறும். அவர் கண்டுகொள்ளவில்லை. பிறகு சூடு பட்டாலும் ஏறியது. பிறகு ஒன்றும் படாமலே, தானாகவே வலிக்கத் தொடங்கியது. காதில் பிடித்து இழுக்கிற மாதிரி, நெற்றிப்பொட்டில் யாரோ அவருடைய சுத்தியலாலேயே அடிக்கிற மாதிரி. படுத்தால் இன்னும் மோசம். தலையணையை மூன்று மடிப்பாக மடித்து உட்கார்ந்தவாக்கில் தூங்கினார். மனைவி கேட்டபோது கழுத்துப் பிடிப்பு என்று சொல்லிவிட்டார்.

சரியாக அந்த நேரம் பார்த்துக் கடைக்கு வந்து சேர்ந்தது ஒரு சாமான். தெருக்கோடியில் மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிற பல் டாக்டரம்மாவின் சேர் மெத்தை! நோயாளிகள் சாய்ந்து சாய்ந்து கிழிந்து, உள்ளே இருக்கிற ஃபோம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. இருப்பது ஒரே சேர். மெத்தை திரும்பி வருகிறவரைக்கும் கிளினிக்குக்கு லீவு விட்டுவிட்டு, டாக்டரம்மாவே வந்து தலைப்பகுதி, முதுகுப்பகுதி, உட்காரும் பகுதி என்று தனித்தனியாக இறக்கி வைத்தார்.

"சீக்கிரம் முடிச்சுக் குடுங்கய்யா. பல்லைப் பிடிச்சுக்கிட்டு வர்றவங்களை எவ்வளவு நாள் திருப்பி அனுப்புறது?"

"ம்" என்றார் ஆணிவாயர். இது புது ரகமாக இருந்ததால் அதன் அர்த்தம் மனைவிக்குக்கூடப் பிடிபடவில்லை.

எனக்குப் பிடிபடுகிறது. மெத்தை இங்கே இருக்கிறவரைக்கும் சேர் கிடையாது. சேர் இல்லாவிட்டால் பல் டாக்டர் கிடையாது. பல் டாக்டர் இல்லாவிட்டால் "வாங்க, போய்க் காட்டலாம்" என்று யார் கையைப் பிடித்து இழுக்க முடியும்? பல்வலிக்காரன் பல் டாக்டரின் சேரையே பிணையாகப் பிடித்து வைத்துக்கொண்டான்! உலகத்தில் வேறு யாருக்காவது இந்தப் புத்தி போகுமா, சொல்லுங்கள்?

அவள் உறைகளை மளமளவென்று தைத்துக் கொடுத்துவிட்டாள், நல்ல நீல நிறத்தில். இவர் அவற்றைப் போர்த்தி ஆணி அடிக்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் தினம் ஒரு சால்ஜாப்பு. ஃபோம் இன்னும் வரவில்லை. வந்த ஃபோம் சரியில்லை. பலகை ஈரமாக இருக்கிறது, காயட்டும். சொன்ன நாளுக்கு முந்தின நாளே சாமானை வீட்டில் இறக்குகிற மனுஷன் இப்படி இழுத்தடிக்கிறாரே என்று அவளுக்கு ஆச்சரியம். மெத்தைகளை வாசலில் வைத்தால் உறுத்துகிறது என்று கடைசிப் பலகை அடுக்குக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

வலியை அவளிடம் மறைத்தவரால் மச்சானிடம் மறைக்க முடியவில்லை. சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றதை அவன் பார்த்துவிட்டான்.

"என்ன மாமா, பல்லா?"

"அக்காகிட்ட மூச்சு விட்ட, தொலைச்சுப்புடுவேன்."

"நான் எதுக்குச் சொல்றேன்? இதுக்கெல்லாம் என்கிட்ட மருந்து இருக்கு."

இருந்தது, ஏகப்பட்டது. முதலில் கிராம்பு எண்ணெய். கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு கேட்கவில்லை. அடுத்து, தலைவலி மாத்திரையை விழுங்காமல் பல்லுக்குப் பக்கத்தில் ஈறிலேயே அடக்கிக்கொள்ளச் சொன்னான். "நேரா எடத்துக்கே போயிடும் மாமா, சுத்தி வளைக்காது." போனது, ஈறு வெந்து வெள்ளை வெள்ளையாகத் தோல் உரிந்தது. இப்போது பல்லும் வலித்தது, ஈறும் எரிந்தது. அதற்கும் மேலே துணியில் உப்பைக் கட்டிச் சூடு காட்டிக் கன்னத்தில் ஒற்றச் சொன்னான். இவரும் ஒற்றினார். பல் டாக்டரிடம் போகாமல் இருக்க எதை வேண்டுமானாலும் செய்வார் போலிருந்தது.

அப்புறம் ஒரு நாள் காலையில் வலி நின்றுவிட்டது!

சுவிட்சை அணைத்த மாதிரி நின்றது. ஆணிவாயர் படுக்கையில் உட்கார்ந்து பல்லை நாக்கால் தொட்டுப் பார்த்தார். ஒன்றுமில்லை. நகத்தால் தட்டினார். மரக்கட்டை. ஆண்டவனே என்று வாய்விட்டுச் சொன்னார். அன்றைக்கு அவர் இருந்த குஷியைப் பார்க்க வேண்டுமே! வாய் நிறைய ஆணியை வைத்துக்கொண்டே ஏதோ ஒரு மெட்டை முனகினார். ஒரு சோபாவை ஒரே மூச்சில் முடித்தார். மச்சான் முதுகில் தட்டிக் கொடுத்தார். "பாத்தீங்களா, உப்பு ஒத்தடம்!" என்று அவன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். டாக்டரம்மாவின் மெத்தையை நாளைக்கு முடித்துவிடலாம், இனி என்ன பயம் என்றுகூட நினைத்தார்.

ஆனால் விடிந்தபோது கன்னம் வீங்கியிருந்தது. லேசாகத்தான். வலியில்லையே, என்ன இப்போ என்று விட்டுவிட்டார். அதற்கு மறுநாள் நன்றாகவே உப்பிவிட்டது.

வேறு எந்தக் குடும்பத்திலாவது ஒரு மனிதனின் கன்னம் இப்படி உப்பினால் வீடே கூடி நிற்காதா? இந்த வீட்டில் அவர் கன்னம் எப்போதுமே உப்பித்தான் இருக்கும். ஆணி. அவர் பேசாமல் இருந்தாலும் ஆணி, சாப்பிட அப்புறம் வருகிறேன் என்று கையைக் காட்டினாலும் ஆணி. மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கொஞ்ச நேரம் அதைத் துப்பிட்டுத்தான் இருங்களேன்" என்று பழக்க தோஷத்தில் சொல்லிக்கொண்டே மிஷினை மிதித்தாள். அவருக்கு அது பரம சௌகரியமாகப் போயிற்று. சந்தேகம் வராமல் இருக்க உதட்டில் ஒரே ஒரு ஆணியைச் செருகிக்கொண்டு நடமாடினார். அடப்பாவி மனுஷா! வாய் ஒரு விரல் அளவுக்குமேல் திறக்கவில்லை, உடம்பு அனலாகக் கொதிக்கிறது, இவர் உதட்டில் ஆணியைச் செருகிக்கொண்டு நாடகம் ஆடுகிறார்.

பிடிபட்டது டீ கொடுக்கும்போது. அவள் டம்ளரை நீட்டினாள், அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். டீயை வேண்டாம் என்று சொல்கிற ஆளா இவர் என்று அவள் அப்போதுதான் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். என்னவோ சரியில்லை. என்ன என்று உடனே புரியவில்லை. புரிந்ததும் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, நீங்க ஆணியை இடது பக்கம்தானே வெச்சுப்பீங்க?"

அவர் சுத்தியலைத் தேடினார்.

"வலது பக்கம் என்ன இருக்கு? துப்புங்க."

அவள் குழந்தைக்கு நீட்டுகிற மாதிரி உள்ளங்கையை அவர் மோவாய்க்குக் கீழே நீட்டினாள்.

"துப்புங்கன்னா துப்புங்க!"

உதட்டில் இருந்த அந்த ஒற்றை ஆணி அவள் கையில் விழுந்தது. கன்னம் அப்படியே இருந்தது. அவள் தொட்டுப் பார்த்தாள். கல் மாதிரி கெட்டியாக, அடுப்பு மாதிரி சூடாக இருந்தது. வீக்கம் தாடைக்கு அடியிலும் இறங்கத் தொடங்கியிருந்தது. வாயைத் திறங்க என்றாள், திறக்க முடியவில்லை. எச்சிலை விழுங்கும்போது அவர் முகம் கோணியது. கோபம் வந்தால் அவள் கத்துவாள் என்பது தெருவுக்கே தெரியும். அன்றைக்கு அவள் கத்தவில்லை, அதைப் பார்த்துத்தான் ஆணிவாயருக்கு முதல் தடவையாக உண்மையிலேயே பயம் வந்தது.

நின்ற இடத்திலேயே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள்.

"மூச்சு விடறதுக்குக் கஷ்டப்படறாரா?" என்று முதல் கேள்வி வந்தது.

"இல்ல டாக்டர்."

"எச்சில் முழுங்க முடியுதா, இல்ல வெளியே வழியுதா?"

"முழுங்கறாரு, வலிக்குது போல."

"சரி, உடனே கூட்டிட்டு வாங்க. வழியில மூச்சு வாங்கினாலோ, எச்சில் முழுங்க முடியாம வழிஞ்சாலோ என்கிட்ட வராதீங்க, நேரா பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போயிடுங்க. காத்துட்டு இருக்காதீங்க."

"டாக்டர், ஆனா உங்க சேர்... அந்த ஃபோம் இன்னும் வரலன்னு..."

இதைச் சொல்லும்போதே மச்சான் பலகை அடுக்குக்குப் பின்னாலிருந்து மெத்தைகளை இழுத்து வெளியே போட்டான். புது ஃபோம் எல்லாம் எப்போதோ ஒட்டித் தயாராக இருந்தது. அவள் ஃபோமைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"அடக் கடவுளே! டாக்டர்கிட்டப் போகக் கூடாதுன்னுதான் இவ்வளவும் பண்ணினீங்க?"

"சேரைப் பத்தி அப்புறம் பேசலாம், முதல்ல ஆள் வரட்டும்" என்றார் போனில் டாக்டரம்மா.

அந்த ஊர்வலத்தைத் தெருவே பார்த்தது. முன்னால் அவள், கணவரின் கையைச் சிறைக்கைதியின் கை மாதிரி பிடித்துக்கொண்டு. நடுவில் ஆணிவாயர், ஈர டவலைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு. பின்னால் மச்சான், உறை போடாத மெத்தையைத் தலையில் சுமந்துகொண்டு, "வழி விடுங்க, வழி விடுங்க" என்று கத்திக்கொண்டு. மருந்துக்கடைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

மெத்தையைச் சேரில் பொருத்தி, மேலே ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு அவரைச் சாய்த்தார்கள். டாக்டரம்மா வீக்கத்தை அழுத்திப் பார்த்தார், கழுத்தைத் தடவிப் பார்த்தார், கிடைத்த சந்தில் விரலை விட்டு நாக்குக்கு அடியில் தொட்டுப் பார்த்தார். அதுவரைக்கும் சிரிக்காத முகம் அதற்குப் பிறகுதான் கொஞ்சம் இளகியது.

"நாக்குக்கு அடியில இன்னும் மெத்துனுதான் இருக்கு, வீக்கம் பரவல. நல்லவேளை, இங்கேயே பண்ணிடலாம். வலி எப்ப நின்னுது?"

அவர் நாளை எண்ணி விரலை மடக்கிக் காட்டினார்.

"நின்னதும் சந்தோஷப்பட்டீங்களா?"

தலையாட்டினார். மச்சான் மெதுவாகக் கதவுப்பக்கம் நகர்ந்தான்.

"அன்னிக்குத்தான்யா நீங்க ஓடி வந்திருக்கணும். பல்லுக்குள்ள இருந்த நரம்பு செத்துப்போச்சு. வலி போகல, வலிக்குதுன்னு சொல்றதுக்கு உள்ளே ஆள் இல்லாமப் போச்சு, அவ்வளவுதான். சீழ் அதுபாட்டுக்குப் பிடிச்சுக்கிட்டே இருக்கு. வெளியே வர வழி இல்லாம தாடைக்கு இறங்கியிருக்கு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கழுத்துக்குப் போய்த் தொண்டையை அடைச்சிருக்கும். மூச்சு நின்னிருக்கும்."

அவள் "ஐயோ" என்று சேரின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த ஈறு ஏன் வெந்து கிடக்கு? மாத்திரையை வெச்சீங்களா?" டாக்டரம்மா யாரையும் பார்க்காமல்தான் கேட்டார், ஆனாலும் மச்சானுக்கு முகத்தில் ஈயாடவில்லை. "மாத்திரை முழுங்கறதுக்கு. ஈறு மேல வெச்சா பொசுங்கிடும். வீக்கத்துக்குச் சூடும் காட்டக் கூடாது. உப்புத் தண்ணியில கொப்பளிங்க, வெளியே ஐஸை வேணா துணியில சுத்தி வைங்க. அதுவும் இங்கே வந்து சேர்ற வரைக்கும்தான். அதெல்லாம் வைத்தியம் இல்ல."

ஊசி போட்டார். சீழ் பிடித்த இடத்தில் முழுசாக மரத்துப் போகாது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் கத்தியை வைத்தார். ஆணிவாயர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். சுருக்கென்றது, கொழகொழவென்று வாய் கசந்தது, உறிஞ்சுகிற குழாய் கர்புர் என்றது. அடுத்த நிமிஷம் தாடையிலிருந்து யாரோ ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. இவ்வளவுதானா? இதற்கா இத்தனை வருஷம்? யாரும் காலைப் பிடித்துக்கொள்ளவில்லை. மனுஷன் அழுதுவிட்டார். வலியில் அழவில்லை, வெட்கத்தில் அழுதார்.

"இந்த மாத்திரையை எழுதிக் குடுத்திருக்கிற நாள் முழுக்க, வேளை தவறாம முழுங்கணும். சரியாகிடுச்சுன்னு பாதியில நிறுத்தினா திரும்ப வந்து நிப்பீங்க. பல்லைக் காப்பாத்தலாமா, எடுக்கணுமான்னு வீக்கம் வடிஞ்சப்புறம் பார்ப்போம். சேர் எப்படி இருக்கு?"

அவர் தலைப்பகுதியைக் கையால் தட்டிக் காட்டினார். பலகை விளிம்பு பிடரியில் குத்துகிறதாம். அந்த நிலையிலும் தொழில் புத்தி!

வீட்டுக்கு வந்த பிறகு அவள் கத்தினாள். சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் கத்தினாள். "நீங்க போயிருந்தா நான் என்னங்க பண்ணியிருப்பேன்? சொல்லுங்க, என்ன பண்ணியிருப்பேன்?" என்று கேட்டாள். அவர் தலை குனிந்து உட்கார்ந்து பாலைக் குடித்தார். தம்பிக்கும் அன்றைக்குச் சரியான மண்டகப்படி. இனி யாருக்காவது வைத்தியம் சொன்னால் நாக்கை ரெக்சினோடு வைத்துத் தைத்துவிடுவேன் என்றாள்.

வீக்கம் வடிந்தது, வாய் திறந்தது. விளிம்பில் ஃபோமை மடித்துவிட்டு, நீல உறையைப் போர்த்தி, மெத்தைகளை ஆணிவாயர் அருமையாக முடித்துக் கொடுத்தார். பல்லைப் பிடுங்க வேண்டாம், ரூட் கெனால் செய்து காப்பாற்றிவிடலாம் என்று டாக்டரம்மா சொன்னார். அதற்காகப் போகிற நாட்களில் அவரே முதல் ஆளாகப் படியேறினார். தான் தைத்த மெத்தையில் சாய்ந்துகொண்டு, "இப்ப குத்தல டாக்டர்" என்று பெருமையாகச் சொன்னார்.

கடைசி நாள் வேலை முடிந்து வாயைக் கொப்பளித்துவிட்டு நிமிர்ந்தார். அவரைக் கூட்டிப்போக அப்போதுதான் படியேறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மனைவிக்கு டாக்டரம்மா ஃபிரிட்ஜிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். அவள் தலையை இடது பக்கம் சாய்த்து, மெதுவாக, ஒரு கன்னத்திலேயே தண்ணீரை வாங்கி விழுங்கினாள்.

முன்பென்றால் இது அவர் கண்ணில் பட்டிருக்காது. பார்த்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது. இப்போது தெரிந்தது. அவரும் மாதக்கணக்கில் அப்படித்தான் தண்ணீர் குடித்தார்.

"எந்தப் பல்லு?" என்றார்.

"எது எந்தப் பல்லு?"

"என்கிட்டயே டபாய்க்காத. எந்தப் பல்லு?"

அவள் டாக்டரம்மாவைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், கையிலிருந்த பாட்டிலின் மூடியைத் திருகினாள். "சும்மா கூசுதுங்க. பெருசா ஒண்ணும் இல்ல. உங்களுக்கு முதல்ல சரியாகட்டுமேன்னு இருந்தேன்."

"எவ்வளவு நாளா?"

"உங்களுக்கு முன்னாடியிருந்தே."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் ஒவ்வொரு முனகலுக்கும் அர்த்தம் தெரிந்து வைத்திருந்தவள், பக்கத்து மிஷினில் உட்கார்ந்து, இத்தனை நாளாக வலியோடு தைத்திருக்கிறாள். அதே வீட்டில், அதே தட்டில் சாப்பிட்டுக்கொண்டு இவருக்கு அது தெரியவில்லை. ரொம்ப அவமானமாக இருந்தது. தொண்டை அடைத்து மூச்சு நிற்கும் என்று டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்தது. சேரிலிருந்து இறங்கினார். நீல மெத்தையைக் கையால் துடைத்தார்.

"உட்காரு."

"இன்னிக்கு வேண்டாங்க, இன்னொரு நாள்..."

"நான் சொன்ன அதே பொய்யை என்கிட்டயே சொல்லாத. உட்காரும்மா."

அவள் உட்கார்ந்தாள். சேர் பின்னால் சாய்ந்தபோது சட்டென்று அவர் கையைப் பிடித்தாள். தெருவையே அதட்டுகிறவளின் கை சில்லென்று இருந்தது.

"எனக்குப் பயமா இருக்குங்க" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"எனக்கும்தான் இருந்துது. செத்தே போயிருப்பேன்."

"கையை விட்டுடாதீங்க."

"விடமாட்டேன். நீ வாயைத் திற."

அவள் திறந்தாள். டாக்டரம்மா விளக்கைக் கீழே இழுத்தார். யாரும் கூப்பிடாமலே ஆணிவாயரும் குனிந்து உள்ளே பார்த்தார்.